மகன் தலைக்குப் பார்த்த வைத்தியம்

என் மகனுக்கு இருபத்து மூன்று வயதில் முடி கொட்டத் தொடங்கியது. முதலில் கண்டது நான்தான். துவைக்க எடுத்த தலையணை உறையில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. மகளுடைய முடி என்று நினைத்து உதறப் போனேன். அப்புறம்தான் அவள் கல்யாணமாகிக் கலகெதரப் பக்கம் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் கழித்து அவன் குழாயடியில் குனிந்து முகம் கழுவும்போது பார்த்தேன். நெற்றியின் இரண்டு பக்கமும் உள்ளுக்கு ஏறியிருந்தது. உச்சியில் காசளவு தோல் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருந்தது. சீப்பைத் தனியாக அலுமாரிக்குள் வைக்கத் தொடங்கியிருந்தான்.

நாங்கள் ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுத்தவள். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை செய்தவர். அவருக்குத் தலை நிறைய முடி. அறுபது தாண்டியும் வெள்ளையாகிச் சுருண்டு, தொப்பி போட்ட மாதிரி இருக்கும். என் அண்ணனுக்கு முப்பது வயதிலேயே மண்டை பளபளவென்று ஆகிவிட்டது. அதனால் மகன் தலையைப் பார்த்த சொந்தக்காரர் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஒங்க அண்ணன் தலை அப்படியே வந்திருக்கு" என்று என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதுவும் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று அழுகிற பிள்ளை. அறுபத்து நான்கு வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை.

மகன் கண்டி டவுனில் போன் விற்கிற கடையில் நின்றான். காலையில் முதல் பஸ்ஸில் போய் ஏழு மணிக்குத் திரும்பி வருவான். கடையில் கண்ணாடி அதிகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் தலைதான் தெரிகிறது என்று சொன்னான். கூட வேலை செய்கிறவர்கள் நல்ல பையன்கள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "மச்சான், நீ வந்தாப் போதும், மொதலாளிக்குக் கரண்ட் பில் மிச்சம்" என்பார்களாம். அதை எங்களிடம் அவனே சொல்லிச் சிரித்தான். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

முதல் வைத்தியம் நான் சொன்னது. கைப்பிள்ளைக்கு மொட்டை போட்டால் முடி அடர்ந்து வரும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். அவனுக்கும் ஒரு வயதில் போட்டோம். அடர்ந்துதான் வந்தது. பிள்ளைக்கு வந்தது பெரியவனுக்கும் வரும் என்று நினைத்தேன். கடையில் நிற்கிறவன் மொட்டையோடு எப்படிப் போவான் என்று அவன் மறுத்தான். நான் விடவில்லை. மற்றவர்களிடம் பேசப் பயப்படுகிறவள் பெற்ற பிள்ளையிடம் மட்டும் பிடிவாதம் பிடிப்பேன். தைப்பூசத்துக்குக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் முருகன் கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக் கூட்டி வந்தேன்.

ஆறு மாதத்தில் பின்பக்கமும் காதோரமும் கன்னங்கரேலென்று வளர்ந்தது. முன்பக்கம் மட்டும் வளரவில்லை. முளைத்ததும் நூல் நூலாக இருந்தது. முன்பு தூக்கி வாரி மறைத்துக்கொண்டிருந்தான். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை.

"நீங்க சொன்னதாலதாம்மா" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அதற்குப் பிறகு தலையில் பிளேட் பட அவன் விடவில்லை. சலூனுக்குப் போனாலும் கத்தரிக்கோல் மட்டும்தான். பிடரியில் மெஷின் வைக்கவும் சம்மதிக்க மாட்டான். மொட்டை போட்டதால்தான் முடி போனது என்று அவன் நம்பினான். நானும் நம்பினேன். ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த முடிதானே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது மகள் கண்டுபிடித்தது. கலகெதரவில் ஒரு சிங்கள நாட்டு வைத்தியர் எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கிறார் என்றாள். போனோம். சிவப்பு எண்ணெய், கள்ளும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை. காலையில் தேய்த்து ஊறவிட்டுக் குளிக்க வேண்டும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் வாடை போகாது. நாலு மாதம் தேய்த்தான். ஒரு நாள் போன் வாங்க வந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றதாம். முதலாளி அவனைக் கூப்பிட்டு, "ஒண்ணு எண்ணெய், இல்லாட்டி கடை" என்றாராம். மீதி எண்ணெயைச் சாக்கடைக் கானில் ஊற்றினான். பிறகு போனில் விளம்பரம் பார்த்து ஒரு போத்தல் வரவழைத்தான். அதைப் பூசிய மூன்றாம் நாள் தலை முழுக்கக் கொப்புளம். அது ஆறும் வரைக்கும் தொப்பியோடு வேலைக்குப் போனான்.

இதற்குள் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம். முதலில் பார்த்த இடத்தில் பெண்ணின் அத்தை, "மாப்பிள்ளை மூத்த தாரத்துப் பிள்ளையா, வயசு கூடத் தெரியுதே" என்று தரகரிடம் கேட்டிருக்கிறாள். அவனுக்கு அப்போது இருபத்தைந்து. அதைக் கேட்ட பிறகுதான் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். தோல் டாக்டரைப் பார்க்க நம்பர் எடுத்து சேனல் பண்ணியிருக்கிறேன், கண்டிக்குப் போகிறேன் என்றான். அதே நாளில் எனக்கும் பிரஷருக்குக் கிளினிக் இருந்தது. அதனால் நானும் கூடப் போனேன்.

என் வீட்டுக்காரர் அப்போதே படுக்கையில் விழுந்திருந்தார். இருதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். கால் இரண்டும் ஊதி, அழுத்தினால் குழி விழும். தலையணை மூன்று வைத்துச் சாய்ந்தபடியேதான் தூங்குவார். இனி நாள்தான் எண்ண வேண்டும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போகும்போது பஸ்ஸில் என் மனதில் ஒரே ஒரு கேள்விதான். எங்கள் பக்கம் இறந்தவரைப் புதைப்பதுதான் வழக்கம். ஆனாலும் கொள்ளிக்குடம் உண்டு. மூத்த மகன் மொட்டை போட்டு, மீசை எடுத்து, தோளில் தண்ணீர்ப் பானை சுமந்து மூன்று சுற்று சுற்றி வந்து உடைக்க வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே மகன். டாக்டர் மருந்து கொடுத்து முடி வரத் தொடங்கிய நேரத்தில் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மொட்டை போடலாமா, போட்டால் வந்தது போய்விடுமா? இதைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மகனிடம் சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது அந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பையன், என் மகனைவிடப் பத்து வயது மூத்திருப்பார். சின்ன லைட் ஒன்றை மண்டையில் வைத்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தார்.

"அப்பாவுக்கு முடி இருக்கோ?"

"நல்லா இருக்கு டாக்டர்" என்றான் மகன்.

"அம்மான்ர பக்கத்தில?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகன்தான், "மாமாவுக்கு இல்லை" என்றான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அம்மா, இது ரெண்டு பக்கத்தாலயும் வரும். உங்கட பிழை எண்டு நினைக்காதேங்கோ."

இத்தனை வருசத்தில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பிறகு அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். ஒன்றும் செய்யாமல் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு இருக்கலாம், அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் தலையில் பூசுகிற லோஷன் இருக்கிறது, காலையும் மாலையும் பூச வேண்டும். முதலில் கொஞ்சம் கூடவே கொட்டும், பயப்படக் கூடாது. ஆறு மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும். மாத்திரையும் இருக்கிறது. பின்பக்கத்து முடியை எடுத்து முன்பக்கம் நடுகிற ஒப்பரேஷன் கொழும்பில் செய்கிறார்கள், ஆனால் இந்த வயதில் அவசரப்படக் கூடாது, அது செய்தாலும் மருந்து வேண்டும்.

"எதைத் தொடங்கினாலும் நிப்பாட்டக் கூடாது, தம்பி. நிப்பாட்டினால் வந்தது திரும்ப விழுந்திடும். இதை நல்லா விளங்கிக்கொள்ளுங்கோ."

இப்போது கேட்டுவிடலாம் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் டாக்டர் மாத்திரையைப் பற்றி ஆரம்பித்தார். அது ஆண்களுக்கு உள்ள சுரப்போடு சம்பந்தப்பட்டது, சிலருக்கு அந்த ஆசை குறையலாம், அந்த நேரத்தில் சிரமம் வரலாம் என்று நேராகவே சொன்னார். மகனின் காது சிவந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கதிரையை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நடையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் நின்றேன். உள்ளே அவர்கள் பேசி முடித்ததும் போய்க் கேட்கலாம் என்றுதான் நின்றேன். கதவு திறந்தது, மகன் வந்தான், அடுத்த ஆளை நர்ஸ் கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

"லோஷன் மட்டும் எடுத்திருக்கேன். மாத்திரை வேணாம்னு சொல்லிட்டேன்" என்றான். கல்யாணம் பேசுகிற நேரத்தில் அது வேண்டாம் என்று நினைத்திருப்பான். நான் கேட்கவில்லை. என் கேள்வியையும் சொல்லவில்லை.

அதிலிருந்து அந்த லோஷன்தான் அவனுக்குக் கோயில். காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை. அளந்து எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, வகிடு வகிடாகப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக விடுவான். மழையில் நனைய மாட்டான். மகள் வீட்டுக்கு ஒரு நாள் போனாலும் போத்தல் கூடப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்திருந்தார். பக்கத்து லயத்து ஆட்களும் இரண்டு பேர் இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு மூச்சு கொஞ்சம் லேசாக இருந்தது. பழைய மாதிரி பகடி பேசினார். மகன் கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்து, "எனக்குக் கொள்ளிக்குடம் தூக்குற அன்னைக்குச் சலூன்காரனுக்கு வேலையே இருக்காது போல. பாதிய இவனே முடிச்சு வச்சிருவான்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மகன் போத்தலை மூடி வைத்தான். ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே இறங்கிப் போனான்.

அவன் போன பிறகு அவர் குரல் மாறிவிட்டது. தம்பியைப் பார்த்து, "அவன் தூக்குனாப் போதும்டா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இதை அவன் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் முன் நெற்றியில் பூனை முடி மாதிரி வந்தது. ஆறாம் மாதம் அது கறுத்தது. மகன் என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுக் குனிந்து காட்டினான். "தொட்டுப் பாருங்கம்மா." தொட்டேன். மெத்தென்று இருந்தது. அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருசம் இருக்கும். அந்த மாதமே பிலிமத்தலாவையிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் துணிக்கடையில் வேலை செய்கிறாள். பார்த்தார்கள், பிடித்திருந்தது. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்வதாகப் பேசினோம்.

ஆடி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் போய்விட்டார். காலை பத்து மணி. கஞ்சி கொண்டுபோய் வைத்தேன், குடிக்கிறேன் என்று கையைக் காட்டினார், அப்படியே சாய்ந்துவிட்டார்.

மறுநாள் எடுப்பதாக இருந்தது. தப்பு அடிக்க வந்துவிட்டார்கள். சடங்கு செய்கிற பண்டாரம் வந்து வாசலில் பாய் விரித்தார். டவுனிலிருந்து சலூன்காரர் பையோடு வந்து, ஒரு பலகையைப் போட்டுத் தண்ணீர்ச் சட்டியும் வைத்துக்கொண்டு, "தம்பிய வரச் சொல்லுங்க" என்றார்.

மகன் வந்தான். உட்காரவில்லை.

"நான் பானை தூக்குறேன். மொட்டை மட்டும் வேணாம்" என்றான்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கொழுந்தன் எழுந்து வந்தார். "என்னடா சொல்ற?"

"வைத்தியம் நடக்குது சித்தப்பா. ஆறு மாசமாப் பூசிட்டு வாறேன். இப்பதான் வருது. ஒரு தடவை மொட்டை போட்டுத்தான் இந்தக் கதி."

"ஒங்கப்பனை விட ஒனக்கு மயிரு பெருசாடா?"

தப்பு நின்றுவிட்டது. பெண்கள் பக்கம் ஒப்பாரி நின்று, குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. பண்டாரம் வயதானவர், சமாதானக்காரர். "மீசைய மட்டுமாவது எடுங்க தம்பி. தலைக்கு ஒரு கத்தரி போட்டுக்குவோம். காலம் மாறிப்போச்சு" என்றார்.

"அரைகுறை வேலையெல்லாம் எங்கண்ணனுக்கு வேணாம்" என்றார் கொழுந்தன்.

அப்போது மகன் என் பக்கம் திரும்பினான். நான் அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தலை வாரிவிட்டு, சீப்பைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அம்மா, நிப்பாட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நீங்களும் இருந்தீங்கதானே. சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் கண்ணும் ஒரே நேரத்தில் என் மேல் விழுந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது உண்மை. மருந்தைச் சொன்னாரா மொட்டையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மகன் முகத்தைப் பார்த்தேன். மொட்டை போட்டால் எல்லாம் போய்விடும் என்று நானும்தானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை என் பேச்சைக் கேட்டுத் தலையைக் கொடுத்தவன் அவன்.

"சொன்னாரு" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் கொழுந்தன். "தாயும் மகனும் பேசித்தான் வச்சிருக்கீங்க." தன் மூத்த மகனைக் கூப்பிட்டார். அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பெரியப்பா மேல் பாசமானவன். சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். அவன் முடி என் மகன் காலடியில் விழுந்தது.

பானையைக் கொழுந்தன் மகன்தான் தூக்கினான். தேயிலைக்கு நடுவில் உள்ள மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. லயத்துக் கோடியில் நின்று, மேலே ஏறிப் போகிறவர்களைப் பார்த்தேன். கடைசி ஆளாக என் மகன் போனான், தலையில் தொப்பியோடு. தூரத்தில் பானை உடைகிற சத்தம் கேட்டது.

எட்டாம் நாள் பிலிமத்தலாவைக்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். பெண்ணின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகும்போது, "நிச்சயத்தை இப்ப வைக்க ஏலாதுதானே. வருசம் திரும்பட்டும். எங்களுக்கு அவசரம் இல்ல" என்றாள்.

வருசம் திரும்பட்டும். அவர்கள் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தகப்பன் செத்த வீட்டில் ஒரு வருசத்துக்குக் கல்யாணம் இல்லை என்பது எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அந்த வாசலில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. யாருக்காக, எந்த ஆவணிக்காக அந்த முடியைக் காப்பாற்றினோம்?

பன்னிரண்டாம் நாள் அவனுக்குத் திரும்ப டாக்டரிடம் போகிற நாள். நானும் வருகிறேன் என்றேன். ஓரகத்தி தடுத்தாள். "கருமாதி கூட முடியல. தாலி அறுத்தவ பஸ்ஸேறிப் போவாளா? ஊர் என்ன சொல்லும்?" ஊர் சொல்வதற்கு இனி என்ன பாக்கி இருக்கிறது? போனேன்.

டாக்டர் தலையைப் பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றார். மகன் தலையை மட்டும் ஆட்டினான். எழுந்துவிடப் போகிறான் என்று தெரிந்ததும் நான் பேசினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து, "என்ன அம்மா?" என்று திரும்பக் கேட்டார்.

"மொட்டை போட்டா, வந்த முடி போயிருங்களா?"

"இல்லை அம்மா. ஒண்டும் ஆகாது. வேர் உள்ளுக்கல்லோ இருக்கு. வழிச்சால் மேல இருக்கிறதுதான் போகும், திரும்ப வளரும். மருந்தை நிப்பாட்டினால்தான் பிழை. மொட்டைத் தலைக்கும் லோஷன் பூசலாம், பூசவும் லேசு." சிரித்தார். "ஏன், நேத்திக்கடன் ஏதும் இருக்கோ?"

அவருக்கு எங்கள் வீட்டுச் சாவு தெரியாது. மகன் சொல்லவில்லை. "சும்மாதான் டாக்டர்" என்று எழுந்தான்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். என்னைத் திட்டுவான் என்று தலாத்துஓயா தாண்டும் வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"எப்பருந்தும்மா இதைக் கேக்கணும்னு நெனச்சீங்க?"

"முதல் நாள்லருந்து" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பதினாறாம் நாள் கருமாதி. ஆற்றங்கரையில் பண்டாரம் மூன்று கல் நட்டு, வாழையிலை போட்டு, எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். மகன் தாமதமாக இறங்கி வந்தான். தொப்பி இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து அவனே வழித்திருக்கிறான். முகம் வழிக்கிற சின்ன ரேசர். பின்பக்கம் எட்டாமல் அங்கங்கே திட்டாக விட்டுப் போயிருந்தது. நாலைந்து இடத்தில் வெட்டி இரத்தம் காய்ந்திருந்தது. மீசையும் இல்லை. அவன் தகப்பனுடைய மேலுதடு அவனுக்கு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேராகப் போய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தான். அவன் சித்தப்பா மகன் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தான். கொழுந்தன் தன் மகனின் தோளை அழுத்தித் திரும்ப உட்கார வைத்தார்.

"பானையை ஒடச்சவன் கையாலதான் பிண்டம். ரெண்டு கை ஆகாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

பண்டாரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களுக்குப் பின்னால் நின்ற நான் முன்னால் வந்தேன். ஈர மண்ணில் வழுக்கி, ஒரு கையை ஊன்றி எழுந்தேன்.

"தம்பி, அவன் கையாலயும் வைக்கட்டும்."

கொழுந்தன் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் நேருக்கு நேர் பேசியது மிகவும் குறைவு.

"அண்ணி, அன்னைக்கு நீங்கதானே டாக்டர் சொன்னாருன்னீங்க."

"ஆமா தம்பி. தெரியாமச் சொல்லிட்டேன். டாக்டர் அப்படிச் சொல்லல. நான் கேக்கவே இல்ல."

"தெரியாமச் சொன்னது எங்கண்ணனோட மண்ணுக்குள்ள போயிருச்சு. இனி தோண்டி எடுக்கவா முடியும்?"

அவர் சொன்னது சரிதான் என்று எனக்கும் தோன்றியது. மகன்தான் எழுந்தான். "விடுங்கம்மா" என்றான். பிண்டம் வைத்து முடிந்ததும் சொந்தக்காரர் எல்லாரும் வரிசையாக வந்து கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பக்கத்து லயத்து ஆட்கள் ஊற்றினார்கள். கடைசியில் அவனும் ஒரு செம்பு ஊற்றினான். வெயில் ஏறி, தலையிலிருந்த வெட்டுகளில் ஈ மொய்த்தது. விரட்டக்கூட அவன் கையைத் தூக்கவில்லை.

இப்போது பத்து மாதம் ஆகிறது. டாக்டர் சொன்ன மாதிரியே முடி எல்லாம் திரும்ப வளர்ந்துவிட்டது. முன்பு இருந்ததைவிடக் குறையவில்லை. காலையும் மாலையும் லோஷன் பூசுகிறான். என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதில்லை.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். அந்த முதல் நாளே நான் டாக்டரிடம் கேட்டிருந்தால், ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லியிருந்தால், அன்றைக்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாயா?

சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியலம்மா" என்றான். பொய் சொல்லி என்னை ஆறுதல்படுத்தவும் இல்லை, பழியை என் மேல் போடவும் இல்லை.

வருசத் திதி வருகிறது. நாள் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் முன்னால் உட்காரப் போகிறவன் பானை உடைத்தவன்தான், அவனுக்குத் தோதான நேரத்தைக் கேட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். அதைக் கேட்க இன்றைக்கு என் மகன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறான்.